வயசானா கை நடுங்கத்தானே செய்யும்? அதை அப்படியே விட்டுவிடாத லண்டன் டாக்டர்: யார் இந்த ஜேம்ஸ் பார்க்கின்சன்?

கூகுள்ல ஜேம்ஸ் பார்க்கின்சன் என்று தேடினால், தாடி வைத்த ஒருவரின் பழைய கறுப்பு வெள்ளை போட்டோ வந்து நிற்கும். பார்க்கின்சன் நோய் பற்றிய எத்தனையோ இணையப் பக்கங்களில் அந்தப் படத்தைப் பார்க்கலாம். ஆனா அது அவர் இல்லை.

பார்க்கின்சன் இறந்தது 1824-ல். போட்டோ எடுக்கும் முறை பொதுவெளிக்கு வந்ததே 1839-ல்தான். அதே பெயர் கொண்ட வேறு யாரோ ஒருவரின் படம் அது. இவரைக் காட்டும் நம்பகமான ஓவியம்கூட இதுவரை கிடைக்கவில்லை.

தெருவில் நடந்துபோகும் மனிதர்களை அவ்வளவு கூர்ந்து பார்த்தவர் இவர். இவரை மட்டும் நம்மால் பார்க்க முடியாது. இவர் பிறந்த ஏப்ரல் 11-ம் தேதியைத்தான் உலகம் பார்க்கின்சன் தினமாக அனுசரிக்கிறது. நர்சிங் படிப்பவர்களுக்கு நரம்பு மண்டலப் பாடத்தில் கட்டாயம் வரும் பெயர். பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் முடிந்துவிடும் இவருடைய வாழ்க்கை, உண்மையில் ஒரு வெப் சீரிஸ் எடுக்கும் அளவுக்குப் பெரியது.

அப்பா வழியில் வந்த தொழில்

1755, ஏப்ரல் 11. லண்டனின் ஹாக்ஸ்டன் சதுக்கத்தில், முதலாம் எண் வீட்டில் பிறந்தார் ஜேம்ஸ். அப்பா ஜான் பார்க்கின்சன் ஓர் அப்போதிக்கரி. அதாவது, மருந்தைக் கலந்து கொடுப்பதோடு நோயாளியைப் பார்த்து வைத்தியமும் செய்பவர். இன்றைய கணக்கில் நம்ம ஏரியா டாக்டர் மாதிரி. பெரிய பட்டம் பெற்ற பிசிஷியன்களிடம் போக வசதி இல்லாதவர்கள் இவர்களிடம்தான் வருவார்கள்.

அப்பாவிடமே தொழில் கற்றார் ஜேம்ஸ். 1776-ல் லண்டன் மருத்துவமனையில் மாணவராகச் சில மாதங்கள் பயிற்சி எடுத்தார். அடுத்த வருஷமே ஒரு சம்பவம். தூக்கிட்டுக்கொண்ட ஒருவரை உயிர் பிழைக்க வைத்ததற்காக அவருக்கு ஹ்யூமேன் சொசைட்டியின் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அப்போது வயது 22. மூச்சு நின்றவரை மீட்க முடியும் என்பதே அந்தக் காலத்தில் புதிய சிந்தனை. அதைப் பரப்புவதற்காகவே தொடங்கப்பட்ட சங்கம் அது.

1784-ல் அறுவை மருத்துவராக அங்கீகாரம் வந்தது. அதன் பிறகும் படிப்பை விடவில்லை. 1785-ல், அன்றைய புகழ்பெற்ற அறுவை நிபுணர் ஜான் ஹன்டரின் வகுப்புகளுக்குப் போய் உட்கார்ந்தார். அவர் பேசுவதை அப்படியே சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டார். மகன் அந்தக் குறிப்புகளை விரித்து எழுதி, 1833-ல் புத்தகமாகவே வெளியிட்டார். மருத்துவ மாணவர்கள் சுருக்கெழுத்து கற்க வேண்டும் என்பது பார்க்கின்சனின் கட்சி. கண்ணால் பார்த்ததை அந்த நிமிடமே குறித்துவைக்காவிட்டால், பிறகு நினைவு தன் இஷ்டத்துக்குக் கதை கட்டும் என்பது வார்டில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

பகலில் டாக்டர், பேனா பிடித்தால் ஓல்டு ஹியூபர்ட்

1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. இங்கிலாந்திலும் சூடு ஏறியது. அன்று அங்கே பெரும்பாலான ஆண்களுக்கே ஓட்டுரிமை கிடையாது, பெண்களுக்கு அறவே இல்லை. எல்லா ஆண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று கேட்ட லண்டன் கரஸ்பாண்டிங் சொசைட்டியில் சேர்ந்தார் பார்க்கின்சன். ஓல்டு ஹியூபர்ட் என்ற புனைபெயரில் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர்கள் ஒன்றுசேர்ந்தால் ஜெயிலில் போடக் கூடாது என்று எழுதினார்.

1794-ல் விவகாரம் பெரிதானது. மன்னர் மூன்றாம் ஜார்ஜ் நாடகம் பார்க்க வரும்போது, காற்றுத் துப்பாக்கி மூலம் விஷ அம்பு எய்து கொல்லச் சதி என்று ஒரு தகவல் அரசுக்குப் போனது. பாப்கன் சதி என்று அதற்குப் பெயர். அவருடைய சங்கத்தைச் சேர்ந்தவர்கள் கைதானார்கள். பார்க்கின்சனை பிரிவி கவுன்சில் முன் அழைத்து விசாரித்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பிரதமர் வில்லியம் பிட்டும் ஒருவர்.

அங்கே அவர் பயந்து பின்வாங்கவில்லை. என் பதிலை வைத்து என்னையே குற்றவாளியாக்க மாட்டீர்கள் என்ற உறுதி கிடைத்தால்தான் பேசுவேன் என்று நின்றார். அரசை விமர்சித்த பிரசுரங்களை எழுதியது தான்தான் என்பதையும் ஒப்புக்கொண்டார். அவர்மேல் வழக்கு எதுவும் பாயவில்லை. சதி வழக்கும் கடைசியில் நிற்கவில்லை. ஆனா தேசத்துரோகத்துக்கு மரண தண்டனை என்றிருந்த காலம் அது. வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

அதன் பிறகு அவர் பேனா மருத்துவத்தின் பக்கம் திரும்பியது. சாதாரண மக்களுக்கான உடல்நலக் கையேடுகள், மருத்துவ மாணவர்களுக்கான வழிகாட்டி, ஆபத்தான விளையாட்டுகள் பற்றிக் குழந்தைகளுக்கு ஒரு கதைப் புத்தகம், தன்னைப் படுத்திய கௌட் மூட்டுவலி பற்றி ஒரு நூல் என்று வரிசையாக எழுதினார். 1812-ல் மகனோடு சேர்ந்து, குடல்வால் துளைபட்டு இறந்த ஒரு சிறுவனைப் பற்றி வெளியிட்ட குறிப்பு, ஆங்கில மருத்துவத்தில் அந்த நோய் பற்றிய ஆரம்பகாலப் பதிவுகளில் ஒன்று.

எல்லாமே பாராட்டாக அமையவில்லை. ஹாக்ஸ்டனில் தனியார் மனநல விடுதிகள் நிறைய. அப்படி ஒரு விடுதிக்கு டாக்டராக இருந்த அவர், ஒரு பெண்ணை அங்கே அடைக்கச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். அது 1810-ல் வழக்காகி, அவர் கடும் விமர்சனத்துக்கு ஆளானார். மறுவருஷமே, இந்த விடுதிகளுக்கான சட்டம் எப்படித் திருத்தப்பட வேண்டும் என்று ஒரு பிரசுரம் எழுதி வெளியிட்டார்.

கற்களையும் விடவில்லை

ஓய்வு நேரத்தில் அவருக்கு இருந்த பித்து, புதைபடிவங்கள். கல்லில் பதிந்த பழைய உயிர்களின் தடயங்களைச் சேகரித்து, 1804, 1808, 1811 என மூன்று தொகுதிகளாகப் பெரிய நூல் கொண்டுவந்தார். 1807-ல் லண்டனில் ஒரு விடுதியில் கூடி ஜியாலஜிக்கல் சொசைட்டியைத் தொடங்கிய 13 பேரில் அவரும் ஒருவர். இன்றும் இயங்கும் சங்கம் அது. ஒரு வகை அம்மோனைட் புதைபடிவத்துக்குப் பார்க்கின்சோனியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

டாக்டருக்கு எதற்குக் கல்? சிதறிக் கிடக்கும் துண்டுகளைச் சேர்த்து வைத்து, இவை எல்லாம் ஒரே உயிரினத்தின் எலும்பு என்று சொல்லும் வேலை அது. 1817-ல் அவர் மனிதர்களிடம் செய்ததும் கிட்டத்தட்ட அதே வேலைதான்.

தெருவில் கிடைத்த கேஸ் ஷீட்

அப்போது அவருக்கு வயது 62. ஷேக்கிங் பால்சி, அதாவது நடுக்குவாதம் பற்றி 66 பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். மொத்தம் ஆறு பேரைப் பற்றிய குறிப்புகள்தான் அதற்கு அடிப்படை. அந்த ஆறு பேரில் சிலர் அவரிடம் சிகிச்சைக்கு வந்தவர்களே இல்லை என்பதுதான் ஆச்சரியம்.

முதலாமவர் 50 வயதைக் கடந்த தோட்டக்காரர். இடது கையில் தொடங்கிய நடுக்கத்துக்குத் தான் பார்த்த கடினமான வேலைதான் காரணம் என்று நம்பினார். இரண்டாமவர், தெருவில் தற்செயலாகச் சந்தித்த 62 வயதுக்காரர். மாஜிஸ்திரேட் அலுவலகத்தில் உதவியாளராக இருந்தவர். மூன்றாமவரும் தெருவில்தான் கிடைத்தார். சுமார் 65 வயது, மாலுமியாக இருந்தவர். ஸ்பெயின் சிறையில் ஈரத் தரையில் மாதக்கணக்கில் படுத்ததுதான் காரணம் என்பது அவருடைய கணக்கு.

இன்னொருவரைப் பார்க்கின்சன் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. அவருக்கு இயல்பாக நடக்க வராது. உதவியாளர் ஒருவர் எதிரே நின்று, அவர் தோள்களைப் பிடித்து, முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டி நிலைப்படுத்துவார். சைகை கிடைத்ததும் இவர் குடுகுடுவென ஓட்டமாகக் கிளம்ப, உதவியாளர் எதிரிலிருந்து விலகி, அவர் விழாமல் தாங்க முன்பக்கமாக ஓடுவார்.

இந்த மாதிரி மனிதர்களை லண்டனில் எல்லோரும்தான் பார்த்திருப்பார்கள். நம்ம ஊரிலும் சித்த, ஆயுர்வேத மரபுகளில் நடுக்குவாதம், கம்பவாதம் என்ற பெயர்கள் பழையவை. நடுக்கம் புதுசு இல்லை. ஆனா அன்றைய லண்டனில் ஒருவருக்கு நடுக்கம், ஒருவருக்குக் கூன், ஒருவருக்கு ஓட்ட நடை என்று தனித்தனியாகவே கணக்கு வைத்திருந்தார்கள். பெரும்பாலும் வயசுக் கோளாறு என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். இவை எல்லாம் ஒரே நோயின் வெவ்வேறு கட்டங்கள் என்று கோத்துச் சொன்னதுதான் பார்க்கின்சனின் சாதனை.

அவர் பார்த்தது என்னென்ன?

கை சும்மா ஓய்வில் இருக்கும்போது நடுக்கம் இருக்கும், ஒரு வேலை செய்யக் கையை நீட்டினால் கொஞ்சம் அடங்கும். பெரும்பாலும் ஒரு பக்கத்துக் கையில் ஆரம்பித்து, மெல்ல மற்ற உறுப்புகளுக்குப் பரவும். உடல் முன்பக்கம் வளையும், நடை தானாகவே ஓட்டமாக மாறும். எழுதுவது சிரமமாகும், பேச்சு குழறும், எச்சில் வழியும், விழுங்குவது கஷ்டமாகும். தூக்கம் கெடும். மலச்சிக்கல் விடாது. இவை ஒரே நாளில் வருவதில்லை, வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறும். ஸ்கேன் இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை, நரம்பியல் என்ற தனித்துறையே இல்லை. வெறும் கண், காது, நோட்டு. அவ்வளவுதான்.

இதில் நரம்பு மண்டலம் படிப்பவர்கள் விடக்கூடாத ஒரு குறிப்பு இருக்கிறது. ஆறாவது நோயாளிக்கு இடையில் பக்கவாதம் வந்தது. ஒரு பக்கக் கையும் காலும் செயலிழந்தன. அந்தப் பக்கத்தில் நடுக்கமும் நின்றுபோனது! சில நாட்களில் கைக்கு அசைவு திரும்பியதும், நடுக்கமும் கூடவே திரும்பி வந்தது.

ஏன் அப்படி? கையை அசைக்கும் உத்தரவு மூளையின் புறணியில் கிளம்பி, தண்டுவடம் வழியாகத் தசைக்கு இறங்குகிறது. நடுக்கமும் கடைசியில் அதே பாதையில்தான் தசைக்கு வருகிறது. பக்கவாதம் அந்த ரோட்டை அடைத்தால் இரண்டு வண்டியும் நிற்கும். ரோடு திறந்தால் இரண்டும் ஓடும். காரணம் அன்று அவருக்குத் தெரியாது. ஆனா நடந்ததை ஒழுங்காக எழுதிவைத்தார்.

எங்கே தவறினார்?

நோயின் மூலம் கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் இருக்கலாம் என்று ஊகித்தார். தவறு. புத்தியும் புலன்களும் பாதிக்கப்படுவதில்லை என்றார். அதுவும் முழுக்க உண்மை இல்லை. நோய் முற்றும்போது பலருக்கு நினைவாற்றல் குறைகிறது, மனச்சோர்வு வருகிறது, வாசனை தெரிவது ஆரம்பத்திலேயே மங்குகிறது. சிகிச்சையாக அவர் சொன்னது, கழுத்துப் பக்கம் ரத்தம் எடுப்பதும் தோலில் கொப்புளம் வரவைப்பதும். இன்று யாரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

ஆனால் இறந்தவர்களின் உடலைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு தனக்குக் கிடைக்கவில்லை, இது ஊகம்தான் என்று புத்தகத்தின் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டார். மற்றவர்கள் ஆராய்ந்து சரியான இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோளுக்குப் பதில் கிடைக்க நூறு வருஷம் ஆனது.

பெயர் வைத்தவர் வேறு

19-ம் நூற்றாண்டின் பிற்பகுதி. பாரிஸின் சால்பேத்ரியேர் மருத்துவமனையில் நரம்பியல் மேதை ஜான் மார்ட்டின் ஷார்கோ இந்த நோயாளிகளை ஆராய்ந்தார். இவர்களுக்குத் தசை பலவீனம் முக்கியமில்லை, இறுக்கமும் அசைவின் மந்தமும்தான் பிரச்சினை, அதனால் வாதம் என்ற பெயர் பொருந்தாது என்றார். சிலருக்கு நடுக்கமே இருக்காது என்பதையும் காட்டினார். பார்க்கின்சன் நோய் என்று அழைக்கலாம் என்று சொன்னவர் அவர்தான். பார்க்கின்சன் தன் பெயரை எந்த நோய்க்கும் வைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெயர் நிலைத்தபோது அவர் உயிரோடும் இல்லை.

1919-ல் கான்ஸ்டன்டின் ட்ரெட்டியாகோஃப், இந்த நோயால் இறந்தவர்களின் நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற பகுதி வெளுத்துப்போயிருப்பதைக் காட்டினார். அந்த லத்தீன் பெயருக்குக் கறுப்புப் பொருள் என்று அர்த்தம். ஆரோக்கியமான மூளையில் அங்குள்ள நரம்பு செல்கள் நிறமி காரணமாகக் கறுப்பாகவே தெரியும். அந்த செல்கள் அழியும்போது கறுப்பும் மறைகிறது.

அந்த செல்களின் வேலை என்ன? டோபமைன் என்ற வேதித் தூதுவைத் தயாரித்து, அசைவுகளைச் சீராக்கும் ஸ்ட்ரையேட்டம் பகுதிக்கு அனுப்புவது. டோபமைன் குறைந்தால் அசைவைத் தொடங்குவதே போராட்டமாகிறது. நடை சுருங்குகிறது, முகத்தில் பாவம் குறைகிறது, தசை இறுகுகிறது.

1957-ல் ஸ்வீடன் விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன், ரெசர்பின் கொடுத்து முயல்களை அசைவற்றுப் படுக்கவைத்தார். பிறகு எல்-டோபா ஊசி போட்டதும் அவை எழுந்து ஓடின. அந்த ரெசர்பின் எடுக்கப்பட்டது நம்ம நாட்டு மூலிகையான சர்ப்பகந்தாவிலிருந்து. 1960-ல் வியன்னாவில் ஓலே ஹோர்னிகீவிச் குழு, நோயாளிகளின் மூளையில் டோபமைன் மிகவும் குறைந்திருப்பதை நிரூபித்தது. மறுவருஷம் எல்-டோபா ஊசி போட்டபோது, படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் இந்த நோய்க்கு முதன்மை மருந்து அதுதான். நோய் குணமாகாது, ஆனா வாழ்க்கை நகரும்.

இன்றைய வார்டில் பார்க்கின்சனின் கண்

இந்த நோயை உறுதிசெய்ய இன்றைக்கும் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை போதும் என்ற நிலை வரவில்லை. நோயாளியைப் பார்ப்பதும் கேட்பதும்தான் இன்னமும் அடிப்படை. அந்தப் பார்வை நர்ஸ்களிடம் இருந்தால் என்னவெல்லாம் மாறும்?

மாத்திரை நேரம்: லெவோடோபா அரை மணி நேரம் தள்ளிப்போனாலே சிலருக்கு உடல் இறுகிவிடும். வார்டு ரவுண்டு நேரத்துக்கு மாத்திரை கொடுக்கக் கூடாது, நோயாளியின் நேரத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

வாந்தி மருந்து: மெட்டோகுளோபிரமைடு டோபமைனைத் தடுக்கும். நோய் மோசமாகும். மருந்துச் சீட்டில் கண்ணில் பட்டால் டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும். ஹாலோபெரிடாலும் அப்படித்தான்.

விழுதல்: படுக்கையிலிருந்து எழும்போது ரத்த அழுத்தம் சட்டென இறங்கலாம். படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் பிபி பார்ப்பது அவசியம். நடக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிட்டால், இழுக்கக் கூடாது. ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னாலோ, தரையில் ஒரு கோட்டைக் காட்டித் தாண்டச் சொன்னாலோ பலருக்குக் கால் கிளம்பும்.

சாப்பாடு: சாப்பிடும்போது இருமல், குரல் ஈரமாக மாறுவது விழுங்கும் சிரமத்தின் அடையாளம். நேராக உட்காரவைத்து, அவசரப்படுத்தாமல் கொடுக்க வேண்டும்.

முகம்: சிரிக்கவில்லை என்றால் கோபம் என்று அர்த்தமில்லை. முகத்தசை ஒத்துழைக்கவில்லை. பதில் வர நேரமாகும், காத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, பூனைக்காலி விதையில் எல்-டோபா இயற்கையாகவே இருக்கிறது என்பது உண்மை. அதற்காக வீட்டிலேயே பொடி செய்து சாப்பிட்டு, மாத்திரையோடு சேர்த்தால் அளவு தாறுமாறாகிவிடும். நோயாளி வேறு என்ன சாப்பிடுகிறார் என்று கேட்பதும் கவனிப்பின் ஒரு பகுதிதான்.

கடைசி நாட்கள்

1824, டிசம்பர். தன் ஆறாவது நோயாளிக்கு வந்த அதே பக்கவாதம் பார்க்கின்சனையும் தாக்கியது. பேச்சு போனது. டிசம்பர் 21-ல் காலமானார். வயது 69. அவருக்கு ஞானஸ்நானமும் திருமணமும் நடந்த அதே ஷோர்டிச் செயின்ட் லெனார்ட் தேவாலய வளாகத்தில் அடக்கம் நடந்தது. எந்த இடம் என்று காட்ட இன்று கல்லறைக் கல் எதுவும் இல்லை.

போட்டோ இல்லை, கல்லறை அடையாளம் இல்லை. 66 பக்கப் புத்தகம் இருக்கிறது. தோட்டக்காரரும் மாலுமியும் சாகும்வரை தங்கள் நோய்க்கு என்ன பெயர் என்று தெரியாமலேயே போயிருப்பார்கள். ஆனால் தெருவில் ஒருவர் நின்று, அவர்களிடம் எப்போதிருந்து நடுங்குகிறது என்று கேட்டார். அந்தக் கேள்வியால்தான் இன்று நம்ம வீட்டுத் தாத்தாவின் கை நடுங்கினால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் ஒரு நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப்போக முடிகிறது.